கல்வராயன் அடிவாரத்தில் ஓடப் பழகுவோர்

கள்ளக்குறிச்சியை விட்டு மேற்கே கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றதுமே, கல்வராயன் மலைத்தொடர் நீல நிறத்தில் நம் கண்முன் எழுந்து நிற்கின்றது. அருகே செல்லச் செல்ல அந்த நீலம் பசுமையாக மாறுகின்றது. அம்மலையின் காலடியில், கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் வயல்களின் நடுவே அமைந்திருக்கின்றது வடக்கனந்தல் பேரூராட்சி. மலையில் பிறந்து வரும் கோமுகி ஆற்றை அடிவாரத்தில் தேக்கி வைக்கும் அணை இதற்கு அண்மையில் உள்ளது. அணையைக் கடந்தால் வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை தொடங்குகின்றது.

நம் வாசகர்களில் மூத்தோர் இப்பகுதியைத் தென்னார்க்காடு மாவட்டம் என்றே அறிந்திருப்பர். 1993இல் இது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் புதிது, மண்ணும் மக்களும் பழையவர்கள். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுவோர். மலையை ஆள்வோர் என்னும் பொருளிலேயே அவர்களுக்கு அப்பெயர் வழங்குகின்றது. சின்னக் கல்வராயன் சராசரியாக 2700 அடி உயரமும், பெரிய கல்வராயன் 4000 அடி உயரமும் உடையவை. இந்த ஏற்ற இறக்கங்களில் சுமையோடு நடந்தே வாழ்ந்தவர்கள் அம்மக்கள்.

இவ்வூர்ப் பக்கம் விடியற்காலையில் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். ஐந்து மணி இருளிலேயே இளைஞர்கள் இருவர் மூவராக அணைச் சாலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலருக்குக் காலணி உண்டு. சிலர் வெறுங்காலோடு ஓடுகின்றனர். பெரும்பாலோர் காவலர் வேலைக்குத் தம்மை ஆயத்தம் செய்பவர்கள். அந்த உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தாக வேண்டும். வேறு சிலர் பள்ளி விளையாட்டு விழாவுக்கோ, மாவட்ட அளவிலான ஓட்டப் போட்டிக்கோ பழகும் மாணவர்கள். வாழ்நாளில் முதன்முறையாக ஒழுங்குபடுத்தப்பெற்ற ஓட்டப் போட்டி ஒன்றில் கால்வைக்கப் போகின்றவர்களே இவர்களில் மிகுதி. அவர்களை முன்னிட்டும், அவர்களுடைய பெற்றோரை முன்னிட்டும் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஓட்டத்தைப் பற்றி எழுத வேறொரு காரணமும் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர்கள் ஒரே வாரத்தில் பிணமாயினர். அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைக் குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. அத்துயரத்தின் வடு இன்னும் ஆறவில்லை. அந்தி வேளையில் சாராயத்தை நாடும் கால்கள் எங்கே, அதிகாலையில் எழுந்து ஓடும் கால்கள் எங்கே! விடியலில் ஓட வேண்டுமென்று முடிவு செய்த இளைஞன், முந்திய இரவை வீணாக்கத் துணியமாட்டான். ஓட்டம் எல்லாத் தீமைக்கும் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் ஓர் இளைஞனின் நாளை ஒழுங்குபடுத்துவதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழி நமக்குத் தெரியவில்லை.

மாவட்டந்தோறும் ஒரு போட்டி

முதல் போட்டிக்காக ஒருவர் சென்னைக்கோ கோவைக்கோ செல்ல வேண்டியதில்லை. அறிஞர் அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 2023 முதல் மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டப் போட்டியை நடத்தி வந்துள்ளது. 17 முதல் 25 வயது வரை உள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர். 25 வயதைக் கடந்த ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். பெண்களுக்கு இரு பிரிவிலும் 5 கிலோமீட்டர் என்று தொலைவு வகுக்கப்பெற்றது. முதல் பத்து இடங்களுக்குப் பரிசுத் தொகை உண்டு. போட்டி அறிவிப்பு வெளிவந்ததும் வயதுச் சான்றுடன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும்.

வயற்புறத்தில் தனியே ஓடுவதற்கும் இத்தகைய போட்டியில் ஓடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கின்றது. தனியே ஓடுபவன் களைத்தால் நிற்பான். போட்டியிலோ நூற்றுக்கணக்கானோர் ஒரே வரிசையில் நிற்பார்கள். மார்பில் எண் குத்தப்பட்டிருக்கும். கொடி அசைந்ததும் அத்தனை பேரும் பாய்வார்கள். அந்த நொடியில் அறிவு பின்தங்கிவிடும், கால்கள் முந்திவிடும். முதல் போட்டியில் தோற்பவர்களில் பெரும்பாலோர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தோற்றுவிடுகின்றனர்.

அணைச் சாலையில் நாம் சந்தித்த இளைஞர் ஒருவரும் இதையே வேறு சொற்களில் கூறினார். "முதல் ரவுண்டுல நான்தான் முன்னால போறேன் ஃபாதர். மூணாவது ரவுண்டுல எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிடறாங்க" என்றார். "தம்பி, முதல் ரவுண்டை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறாய்?" என்று கேட்டோம். அவர் பார்த்ததே இல்லை. 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் சுற்றில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தில் அதை முடிக்க, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி போதும். முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடுபவன், கடைசிச் சுற்றுக்கு வேண்டிய வலுவை முதலிலேயே செலவழித்துவிடுகின்றான்.

ஏதென்ஸ் நகரத்துப் பாடம்

இத்தவறு உலகப் புகழ்பெற்ற வீரர்களுக்கும் நேர்ந்ததுண்டு. 1896 ஏப்ரல் 10 அன்று, புதுக்கால ஒலிம்பிக் விழாவின் முதல் மாரத்தான் ஓட்டம் கிரேக்க நாட்டில் நடைபெற்றது. மாரத்தான் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ் நகர் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தொடக்கத்தில் பிரான்சு நாட்டு லெர்மூசியோ வெகு வேகமாக முன்னேறிச் சென்றார். பாதிக்கு மேல் சென்றபின் களைத்து விலகினார். அவருக்குப்பின் முன்னணிக்கு வந்த ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக், அதே விழாவில் 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் வென்றவர். அவரும் முடிவிடத்திற்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் தள்ளாடி விழுந்தார். நிதானமாகப் பின்னால் ஓடிவந்த ஸ்பிரிடான் லூயிஸ் என்னும் கிரேக்கர் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் வென்றார். அவர் நீர் சுமந்து விற்ற ஏழை. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதே பாடத்தைக் கற்க நாம் கிரேக்கம் வரை போகவும் வேண்டியதில்லை. மலைப்பாதையின் தொடக்கத்தில், தலையில் சுமையுடன் ஏறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லையா?" என்று வினவினோம். "மெதுவாப் போனா மூச்சு வாங்காதுங்க சாமி. பேசிக்கிட்டே ஏற முடியுதான்னு பாக்கணும். பேச்சு நின்னா கால் வேகமாப் போவுதுன்னு அர்த்தம்" என்றார் அவர். உடற்பயிற்சி வல்லுநர்கள் இன்று தொடக்கநிலை ஓட்டக்காரர்களுக்குக் கூறும் முதல் விதி இதுவே. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் விதைத்தல்

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது உழவர் வழக்கம். செப்டம்பர் இறுதியில் போட்டி அமையுமானால், ஓட்டப் பயிற்சியின் விதைப்பும் ஆடியிலேயே நிகழ வேண்டும். இதற்குமுன் ஓடியே பழகாத ஒருவருக்கு 5 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பத்து வாரங்கள் தேவை. வாரத்திற்கு மூன்று நாட்கள் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுவது நன்று. எலும்பும் தசைநாரும் வலுப்பெறுவது ஓய்வு நாளில்தான் என்பதை மறத்தலாகாது.

முதல் இரு வாரங்களில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு பத்து முறை. மூன்றாம், நான்காம் வாரங்களில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை; நான்கு முறை. ஏழாம், எட்டாம் வாரங்களில் பத்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மூன்று முறை. ஒன்பதாம் வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடிப் பார்க்கலாம். பத்தாம் வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, போட்டிக்கு முந்திய இரு நாட்களும் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு வாரப் பயிற்சி கடினமாகத் தோன்றினால் அதே வாரத்தை மறுபடியும் செய்வதில் இழிவு ஏதுமில்லை. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்னும் மொழி வீட்டுக்கு மட்டுமன்றி உடலுக்கும் பொருந்தும். 8 அல்லது 10 கிலோமீட்டர் ஓட வேண்டியவர்கள் இன்னும் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குதல் வேண்டும்.

நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் வேகம் காட்டும் ஆசை இளைஞர்க்கு இயல்பு. அதை முதல் ஆறு வாரம் அடக்கி வைப்பதே மெய்யான பயிற்சி. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்னும் மெல்லிய ஓட்டத்தில்கூட 5 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

ஓடுவதற்கு ஏற்ற நிலம்

வடக்கனந்தல் பகுதியில் மூன்று வகை நிலம் ஓடுவோருக்குக் கிடைக்கின்றது. வயலோர மண்பாதை முதலாவது. அது கால் மூட்டுக்கு இதமானது, ஆயினும் மழைக்காலத்தில் வழுக்கும். அணைக்குச் செல்லும் தார்ச்சாலை இரண்டாவது. தொலைவை அளந்து ஓடுவதற்கும், ஒரே சீரான வேகத்தைப் பழகுவதற்கும் அது உதவும். மலைப்பாதை மூன்றாவது. ஏற்றத்தில் நடப்பது நெஞ்சையும் தொடையையும் உறுதியாக்கும். ஆனால் இறக்கத்தில் வேகமாக ஓடி வருதல் முழங்காலுக்குக் கேடு. தொடக்கக்காரர்கள் இறங்கும்போது நடந்தே வருக.

ஓர் எச்சரிக்கை. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், அரவைக் காலத்தில் கரும்பேற்றிய டிராக்டர்கள் இருளிலும் சாலையில் செல்லும். பின்விளக்கு இல்லாத வண்டிகளும் உண்டு. பக்கங்களில் நீண்டு கிடக்கும் கரும்பும் உண்டு. ஆகவே சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஓட வேண்டும். வெளிறிய நிறச் சட்டை அணிய வேண்டும். செவியில் பாட்டுக்கருவி வேண்டவே வேண்டாம். தனியே ஓடாமல் இருவராகச் செல்வது தெருநாய்க்கும் பாதுகாப்பு, திடீர் மயக்கத்திற்கும் பாதுகாப்பு.

உடலைப் பேணுதல்

ஆயிரக்கணக்கில் விலைகொடுத்துக் காலணி வாங்கினால்தான் ஓடலாம் என்பதில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கட்டை இடம் விட்டு, குதிகாலைப் பிடித்து நிற்கும் காலணியே நல்ல காலணி. ரப்பர் செருப்போடு ஓடலாகாது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் அவ்வாறே ஓடலாம். பழகாதவர் திடீரெனத் தொடங்குதல் தீது. போட்டி நாளில் புதுக் காலணியை அணிந்து கொப்புளத்தோடு திரும்புபவர் பலர்.

உணவில் விந்தை ஏதும் வேண்டியதில்லை. பயிற்சி நாட்களில் நம் வீட்டுச் சோறும், பருப்பும், கீரையும், முட்டையும், வேர்க்கடலையுமே போதும். போட்டியன்று இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன்னதாக இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ உண்ணலாம். தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்துக. வியர்வை மிகுந்த நாளில் உப்பிட்ட நீர்மோர் நன்று. ஆனால் அளவு மீறி நீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரக்கூடும். வலிமாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்திற்குத் தீங்கு.

மருத்துவரைக் காணவேண்டியவர்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். 40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவர்கள், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென மாண்டிருந்தால் அக்குடும்பத்தினர் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் ஆலோசனை பெற்றபின்னரே ஓடத் தொடங்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது எவரும் ஓடலாகாது. அது இதயத்தைப் பாதிக்கக்கூடும். ஓட இயலாதவர்களுக்கு நடையே போதுமானது. அதற்கெனவே தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நலநடைப் பாதையைத் தொடங்கி வைத்தது.

மகளிரும் ஓடலாம்

நம் குடும்பங்களில் மகன் ஓடினால் பெருமை, மகள் ஓடினால் கூச்சம் என்னும் நிலை இன்னும் முற்றிலும் மாறவில்லை. உலகமே இதில் தாமதித்துத்தான் விழித்தது. ஒலிம்பிக் விழாவில் ஆண்கள் மாரத்தான் 1896இலேயே தொடங்கிற்று. பெண்களுக்கு அவ்வோட்டம் 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில்தான் முதன்முறையாக வைக்கப்பெற்றது. இன்று நம் தமிழகத்துப் பெண்ணொருவர், புதுக்கோட்டையைச் சேர்ந்த சூர்யா, 2016ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டு விழாவில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அதே புதுக்கோட்டையின் லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே இரு ஓட்டங்களிலும் தங்கம் பெற்றார். இவர்கள் மாநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். மகள் அதிகாலையில் ஓட விரும்பினால், தாயோ தந்தையோ மிதிவண்டியில் உடன் செல்லட்டும். அத்துணை போதும், கூச்சம் தானே அகன்றுவிடும்.

போட்டி நாளும் அதற்குப் பின்னும்

போட்டியன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்று, எண் அட்டையைப் பெற்று, பத்து நிமிடம் நடந்தும் மெல்ல ஓடியும் உடலைச் சூடேற்றுக. முதல் போட்டிக்காரர் வரிசையின் பின்பகுதியில் நிற்பதே அறிவுடைமை. முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுக. பிறர் தாண்டிச் செல்லும்போது மனம் துடிக்கும், துடிக்கட்டும். மூன்றாம் கிலோமீட்டரில் அவர்களுள் பலர் நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். முடிவுக் கோட்டைக் கடந்ததும் சட்டென்று உட்காராமல் பத்து நிமிடம் நடந்து மூச்சை ஆற்றுக.

புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டது காரணமின்றி அன்று. கொரிந்துக்கு அருகிலேயே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டு விழா நடைபெற்றது. வாடிப்போகும் இலைமுடி ஒன்றுக்காக அவ்வீரர்கள் எத்தனை மாதம் தம்மை அடக்கிப் பழகினார்கள் என்பதை அம்மக்கள் கண்ணாரக் கண்டவர்கள். அவர் சுட்டிக்காட்டியது, பந்தய நாளுக்கு முந்திய அந்தத் தன்னடக்கத்தையே. அணைச் சாலையில் ஓடும் நம் பிள்ளைகளுக்கும் அதுவே கிடைக்கப்போகும் பெரும் பரிசு. காவலர் வேலை ஒரு சிலருக்கே வாய்க்கும். பதக்கம் இன்னும் குறைவானவர்களுக்கே. பத்து வாரம் தன்னை ஆண்ட பழக்கமோ ஓடிய ஒவ்வொருவருக்கும் மிஞ்சும்.

பங்குக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதல் போட்டிக்குப் பழகும் பிள்ளை எவரேனும் இருந்தால், "ஜெயிச்சியா?" என்று கேளாதீர்கள், "முழுசா ஓடி முடிச்சியா?" என்று கேளுங்கள். போட்டி நடக்கும் நாளில் ஒரு குடம் குடிநீரோடு சாலையோரத்தில் நில்லுங்கள். முதலில் வருபவனுக்குக் கைதட்ட ஊரே நிற்கும். கடைசியில் வருபவன் வந்து சேரும் வரை காத்திருந்து கைதட்டுவதற்கு நாம் நிற்போம்.